வாழைப்பழப் பெட்டிக்குள் பன்னிரண்டாயிரம் தோட்டா

சென்ற பெப்ரவரியில் நான் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்த கடையின் முன்னால் மறுபடியும் வரிசை நின்றதாம். தோட்டா விலை ஏறப் போகிறது என்று யாரோ எங்கோ எழுதிவிட்டார்கள். வேலையாட்கள் களைத்துவிட்டார்கள், வந்து ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று கடையை இப்போது நடத்தும் பெண் ரெலிபோன் எடுத்தாள். போனேன். தட்டுகள் வெறுமையாக இருந்தன. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், முன்னரும் இப்படி நடந்ததுண்டா என்று கேட்டார்கள். நடந்தது, எண்பத்தேழில் என்று தொடங்கிச் சொன்னேன். டொச் என்னும் ஜேர்மன் மொழியில் சொன்னபோது சிரிக்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தார்கள். பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அதனால் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் சிற்றூர் அது. ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், இரண்டு பேக்கரி, ஒரு துவக்குக் கடை. துவக்குக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடி வந்த எனக்கு ஜேர்மனியில் கிடைத்த முதல் வேலை அந்தத் துவக்குக் கடையில்தான். நான் குறை சொல்லவில்லை. அகதி வேலை செய்யக்கூடாது என்று இரண்டு வருடம் சும்மா இருத்தி வைத்தார்கள். பிறகு செய்யலாம் என்றார்கள், ஆனால் முதலில் அந்த வேலையை ஒரு ஜேர்மன்காரர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அடுத்ததாக ஓர் இத்தாலியரோ கிரேக்கரோ வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஈயமும் பித்தளையும் நிறைந்த பெட்டிகளை நிலவறைப் படிகளில் ஏற்றி இறக்கும் வேலையை மூன்று தேசத்தவர்களும் மனமொத்து மறுத்தார்கள். அந்த ஒற்றுமையால் நான் பிழைத்தேன்.

பங்குத்தந்தைதான் என்னைச் சிபாரிசு செய்தார். ஊரில் துவக்கால் சுட்டுப் பழகுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் பாதுகாவலர் புனித செபஸ்தியார். சுடுகிறவர்கள், அம்புகளால் துளைக்கப்பட்ட ஒருவரைத் தங்கள் பாதுகாவலராக ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று நான் சாமியாரைக் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது என்றார்.

வேலைக்குச் சேர முன்னர் பொலிஸ் என்னைப் பற்றி விசாரித்தது. துவக்குகளோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்றேன். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. இதற்கு ஒரு வருடம் முன்னர்தான் அகதி விசாரணையில் இன்னொரு அதிகாரி, உங்கள் நெஞ்சுக்கு நேரே பிடித்தது எந்த வகைத் துவக்கு என்று கேட்டிருந்தார். தெரியாது என்றேன். அவர் முகம் சுளித்து, விண்ணப்பதாரியின் விவரிப்பில் தெளிவில்லை என்று எழுதிக்கொண்டார். ஒரே அறியாமை. ஒரு மேசையில் அது குற்றம், இன்னொரு மேசையில் தகுதி.

என் முதலாளி ஃபிராவ் லோமன், அதாவது திருமதி லோமன். கணவர் துவக்குத் திருத்துகிறவர். அவர் இறந்த பின்னர் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி அறுபது வயதில் தனியாகக் கடை நடத்தினார். குரல் உயர்த்த மாட்டார். வாடிக்கையாளர் எவ்வளவு வேகமாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு இவர் மெதுவாகப் பேசுவார். என் பெயர் அருளானந்தம். அப்பா பெயர் செபஸ்தியாம்பிள்ளை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு நடந்ததுபோல ஜேர்மன் தாள்களில் அப்பா என் குடும்பப் பெயராகிவிட்டார். சங்கத்துக்காரர்கள் எனக்கு செபஸ்தி என்று பெயர் வைத்து முதுகில் தட்டினார்கள். ஃபிராவ் லோமன் மட்டும் பெயரை ஒரு துண்டில் எழுதி வைத்து மூன்று நாள் வாய்க்குள் சொல்லிப் பழகி, நாலாம் நாள் ஒரு எழுத்தும் குறையாமல் ஹெர் செபஸ்தியாம்பிள்ளை என்று கூப்பிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கடையில் எல்லோரும் என் அப்பாவுக்குத்தான் மரியாதை செய்தார்கள். அவர் ஒருநாளும் ஜேர்மனிக்கு வந்ததில்லை.

ஃபிராவ் லோமன் கற்றுத் தந்த முறை சுருக்கமானது. வாடிக்கையாளர் வந்தால் முதலில் முகத்தைப் பார்ப்பது. பிறகு அவருடைய உரிம அட்டையை மேசையில் வைக்கச் சொல்வது. அட்டையில் இருக்கும் படம் எதிரே நிற்கும் ஆள்தானா, திகதி முடியவில்லையா, கேட்கும் தோட்டாவை வாங்க அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் நிலவறைக்கு இறங்குவது. பெட்டியை ஆளின் கையில் கொடுக்கக்கூடாது. மேசையில் அட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வாங்கியவரின் பெயரையும் பெட்டியில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு இலக்கத்தையும் நீலப் புத்தகத்தில் எழுத வேண்டும். சிறு தோட்டாக்களுக்குச் சட்டம் இந்த இலக்கத்தைக் கேட்கவில்லை. ஃபிராவ் லோமன் கேட்டார். ஒருநாள் நான் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியதற்கு அவர் திட்டவில்லை. அந்த ஆளின் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்டு, பெட்டியை மறுபடி பார்த்து, சரியான இலக்கத்தை எழுதிக்கொண்டு வரவைத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்னொரு விதியும் இருந்தது. கடையை விட்டு வெளியே போன தோட்டா திரும்பக் கடைக்குள் வராது. அது எங்கே, யார் கையில் இருந்தது என்று தெரியாது என்பார்.

விளையாட்டுக்குச் சுடுவது என்றால் என்னவென்று விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கடதாசியில் வட்டங்கள் கீறி ஐம்பது மீற்றர் தள்ளித் தொங்கவிடுவார்கள். பாய் விரித்துக் குப்புறப் படுத்துக் கடதாசியைச் சுடுவார்கள். கடதாசி திருப்பிச் சுடாது. பிறகு பியர் குடிப்பார்கள். சனிக்கிழமை தோறும் இது நடக்கும். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் நான் இரும்புக் கடையில் வேலை செய்வதாக எழுதினேன். தோட்டாக் கடை என்று எழுதி, அந்தக் கடிதத்தை வழியில் ஆமிக்காரன் உடைத்துப் படித்தால், ஊரில் இருந்த என் தம்பிக்கு அவர்கள் வைக்கும் கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது.

எண்பத்தேழு இலையுதிர் காலத்தில் தோட்டா செய்யும் கொம்பனியிலிருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்தது. ஈயமும் பித்தளையும் விலை ஏறுவதால் புதுவருடம் முதல் தங்கள் விலையையும் கூட்டுவதற்கு வருந்துகிறார்களாம். எவ்வளவு என்று எழுதவில்லை. ஃபிராவ் லோமன் நேர்மையான மனுசி. கடிதத்தைக் கடைக் கதவில் ஒட்டினார். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்க நான் வந்தபோது பதினேழு பேர் நின்றார்கள்.

அந்த ஊரில் வரிசையை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. நின்று பழக்கமில்லாதவர்கள், முன்னுக்கு நிற்பவரின் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்று தேறிய எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வாரத்துக்கு ஐம்பது தோட்டா சுடுகிறவர் இரண்டாயிரம் கேட்டார். இரண்டு வருடமாகக் கண்நோயால் சுடாதவர் மூவாயிரம் கேட்டார். ஒரு பல்வைத்தியர் என்னிடம் தாழ்ந்த குரலில், உங்கள் நாட்டில் சாமான் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆலோசனை கேட்டார். ஓடுவோம் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

எல்லோரையும் மிஞ்சியவர் ஹெர் கியூப்பர்ஸ். மேசை கதிரை விற்கும் தளபாடக் கடை முதலாளி, சங்கத்தின் தலைவர், தேவாலயத்தில் முதல் வரிசைக்காரர். நல்ல பருமன். சுடுவதில் அவருக்கு ஆர்வம் அதிகம். கடதாசிக்குத்தான் அவரிடம் ஆபத்துக் குறைவு. முதல் நாள் தன் பெயரில் பத்தாயிரம் வாங்கினார். ஃபிராவ் லோமன் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் இல்லை என்று கட்டுப்பாடு வைத்ததும் மனைவியைக் கூட்டி வந்தார். பிறகு வளர்ந்த மகன், பிறகு மைத்துனர். எல்லோரிடமும் செல்லுபடியாகும் அட்டை இருந்தது. மனைவியின் அட்டையை நான் பார்த்தபோது அவர் என்னிடம் மெல்ல, இதை வாங்கி ஒன்பது வருடம், ஒருமுறைகூடச் சுடவில்லை என்றார். நான் இலக்கங்களை எழுதிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஹெர் கியூப்பர்ஸ் கடைக்கு வந்து, வாங்கியதில் பன்னிரண்டாயிரத்தைத் திருப்பி எடுக்க முடியுமா, இல்லையென்றால் கொஞ்ச நாள் நிலவறையில் வைக்க முடியுமா என்று கேட்டார். மனைவி துணி துவைக்கும் அறையில் சூடாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவற்றைக் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றில் அவை இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஃபிராவ் லோமன் வழக்கமான மெதுவில் தன் விதியைச் சொன்னார். இரும்பு அலுமாரி வாங்குங்கள் என்றும் சொன்னார். அலுமாரி விலை கேட்டதும் அவர் முகம் சிவந்தது. விலையேற்றத்தில் தப்ப வாங்கியவர் அல்லவா.

நான் அப்போது ஊர் எல்லையில் இருந்த அகதிகள் விடுதியில் இருந்தேன். ஓர் அறையில் இரண்டு பேர். மற்றவர் லோகநாதன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியார், என்னிலும் பத்து வயது மூப்பு. என் வேலை அவருக்குப் பிடிக்காது. நான் வேலையால் வந்தால் கை கழுவும் மட்டும் என்னோடு பேச மாட்டார். அவருடைய தம்பியை ஒரு சந்தியில் மறித்துச் சுட்டிருந்தார்கள். அதை ஒரே ஒருமுறை, ஒரே வசனத்தில் சொன்னார். வருகிற வியாழக்கிழமை அவருக்கு அகதி விசாரணை இருந்தது.

அந்த ஞாயிறு நான் டுசல்டோர்ஃபில் தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினேன். அறையில் என் கட்டிலடியில் இரண்டு வாழைப்பழப் பெட்டிகள் இருந்தன. பழைய உடுப்புகளைத் தேவாலயம் அந்தப் பெட்டிகளில்தான் எங்களுக்கு அனுப்பும். லோகநாதன் அண்ணை சொன்னார், சங்கத்துப் பெரியவர் தன் காரில் கொண்டுவந்து வைத்தவர், பிள்ளைகளின் உடுப்பாம், புதன்கிழமை வந்து எடுப்பாராம்.

"தந்த உடுப்பை ஏன் அண்ணை திரும்ப எடுக்கோணும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். அந்தப் பாரத்தை என் முதுகு அறியும். ஒரு வருடமாக அதைத்தான் தூக்குகிறது. மேலே இரண்டு கம்பளிச் சட்டைகள். அவற்றை விலக்கினால் கீழே எங்கள் கடையின் சின்னச் சின்னப் பெட்டிகள், வரிசை வரிசையாக. அடுக்கிய நேர்த்தியில் ஹெர் கியூப்பர்ஸின் தளபாடக் கடை தெரிந்தது.

உரிமம் இல்லாத ஆளிடம் தோட்டாவை ஒப்படைப்பது குற்றம். உரிமம் இல்லாத ஆள் வைத்திருப்பதும் குற்றம். கடைக்குள் முதலாளியின் உரிமத்தின் கீழ் நான் வேலையாள். விடுதி அறையில் நான் தோட்டா வைத்திருக்கும் அகதி. பொலிஸ்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை அறைகளைப் பார்க்க வருவார்கள். அந்த மாதம் இன்னும் வரவில்லை.

லோகநாதன் அண்ணை எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். பிறகு அவர் பேசிய குரலை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை.

"இதை இப்பவே வெளியால கொண்டு போ."

"கொண்டு போக ஏலாது அண்ணை. றோட்டில பொலிஸ் மறிச்சால் என்ன சொல்லுறது?"

"அப்ப இஞ்சயே வைச்சிருக்கப் போறியோ?"

நான் பதில் சொல்ல முன்னர் அவர் அறையை விட்டு வெளியே போனார். சப்பாத்தில்லை, குளிர்ச்சட்டை இல்லை. யன்னலால் பார்த்தேன். ஒக்ரோபர் குளிரில் முற்றத்து ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு, விடுதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய்க் காலடியில் வைத்தேன். அவர் குனிந்து பார்க்கவில்லை.

தெருமுனையில் ரெலிபோன் கூண்டு. யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ஹெர் கியூப்பர்ஸை அழைத்தால் புதன்கிழமை வருகிறேன் என்பார். பொலிசை அழைத்தால் என் டொச்சில் தோட்டா என்ற சொல் மட்டும்தான் அவர்களுக்கு விளங்கும். பையில் இருந்த காசுக்கு ஹொலன்ட் எல்லைவரை ரயில் எடுக்கலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். பொய் சொல்லவில்லை, போட்டேன். கடைசியில் ஃபிராவ் லோமனின் வீட்டு இலக்கத்தைச் சுழற்றினேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தோட்டாப் பெட்டிகளைத் தொட்டேனா என்று. மேலே கிடந்த உடுப்பை மட்டும் என்றேன். அறையைப் பூட்டிவிட்டு வாசலில் நில்லுங்கள், பொலிசுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். பொலிஸ் வேண்டாம் என்று கெஞ்சினேன். சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போங்கள், உங்களுக்குப் புண்ணியம் என்றேன். புண்ணியத்துக்கு டொச்சில் நான் கண்டுபிடித்த சொல் என்னவென்று இப்போது நினைவில்லை.

"ஹெர் செபஸ்தியாம்பிள்ளை, நாங்கள் கூப்பிட்டால் நீங்கள் சாட்சி. அவர்களாக வந்து கண்டால் நீங்கள் குற்றவாளி. வாசலில் நில்லுங்கள்."

அவரும் பொலிஸ்காரரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். பொலிஸ்காரர் எங்கள் வாடிக்கையாளர், சங்கத்தில் கொடி பிடிப்பவர். பெட்டிகளைப் பார்த்து, கதையைக் கேட்டு, தலையை ஆட்டிச் சிரித்தார். கியூப்பர்ஸுக்கு இது ஒரு கவனக்குறைவு, நானே என் காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமையை ஏன் கெடுப்பான் என்றார். அவருடைய கையைப் பிடித்து முத்தமிடலாம் போல எனக்கு இருந்தது.

ஃபிராவ் லோமன் பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்து, எங்கள் சோறு வடிக்கும் பானையைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் விரித்தார். "எழுதுங்கள்" என்றார். பொலிஸ்காரர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்றார். ஃபிராவ் லோமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் இலக்கத்தை வாசித்தார். பொலிஸ்காரர் பெட்டியை எடுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது: கியூப்பர்ஸ். அடுத்தது, கியூப்பர்ஸின் மனைவி. அடுத்தது, மைத்துனர். இருநூற்று நாற்பது சிறு பெட்டிகள். ஒன்றையும் விடவில்லை. நடுவில் பொலிஸ்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இது போதாதா என்று கேட்டார். ஃபிராவ் லோமன் அடுத்த இலக்கத்தை வாசித்தார். அறிக்கையில், கண்டு அறிவித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். பொலிஸ்காரர் மூன்றுமுறை பிழையாக எழுத, மூன்றுமுறை தாளை மாற்றவைத்தார். அந்த இடத்திலேயே ஒரு பிரதி வாங்கி மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

அவ்வளவு நேரமும் லோகநாதன் அண்ணை முற்றத்தில் நின்றார். பெட்டிகள் காரில் ஏறிய பிறகு ஃபிராவ் லோமன் அவருக்கு முன்னால் போய் நின்று, கை கொடுத்து, தன் பெயரைச் சொன்னார். அவரும் தன் பெயரைச் சொன்னார். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒரு பொது மொழி இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, அகதிகள் விடுதியில் பொலிஸ் தோட்டாக் கிடங்கு ஒன்றைக் கண்டுபிடித்ததாக ஊர் பேசிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு அந்தக் கதையில் ஓர் இயந்திரத் துவக்கும் சேர்ந்திருந்தது. பதினைந்தாம் நாள் வெளிநாட்டவர் அலுவலகம் என்னை அழைத்தது. ஃபிராவ் லோமன் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். அதிகாரியிடம் பிரதியை நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். அப்படியென்றால் அறிவித்தவர் நீங்கள்தானா என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

ஹெர் கியூப்பர்ஸுக்கு ஒரு தண்டமும் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தன. துவக்குகளை ஒரு குளிர்காலம் எடுத்து வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் சங்கத்து விழாவில் மரத்தால் செய்த பறவையைச் சுட்டு வீழ்த்தி, சங்கத்து வழக்கப்படி அந்த வருடத்து ராசாவானார். வெள்ளிச் சங்கிலி போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தார். தெருவோரம் நின்று நானும் கை தட்டினேன். இந்த நாட்டோடு ஒத்து வாழப் பழக வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். புதுவருடத்தில் தோட்டா விலை ஐம்பது கொண்ட பெட்டிக்கு இருபது ஃபெனிக் கூடியது. ஒரு பாண் துண்டின் விலைகூட இல்லை.

தண்டனையின் பெரிய பங்கு ஃபிராவ் லோமனுக்குத்தான் விழுந்தது. சங்கம் கூடி, இனி டுசல்டோர்ஃபில் தோட்டா வாங்குவது என்று தீர்மானித்தது. முக்கால் மணி நேரப் பயணச் செலவோடு அவர்கள் விலையேற்றத்தை வென்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி வென்றார்கள். பிறகு ஒவ்வொருவராக, ஒன்றும் நடக்காததுபோல, அட்டையை மேசையில் வைத்தார்கள்.

லோகநாதன் அண்ணை பெட்டி வந்த அந்த வாரமே வியாழக்கிழமை விசாரணைக்குப் போய் வந்தார். வந்த கையோடு வேறு விடுதிக்கு மாற்றம் கேட்டு எழுதினார். போகிற அன்று நான் அவருடைய பையை பஸ் தரிப்பிடம்வரை தூக்கிக்கொண்டு போனேன். ஏறும்போது சொன்னார்:

"உன்னில கோவமில்லை தம்பி. அந்தப் பெட்டி கிடந்த இடத்தில படுக்க ஏலாமல் கிடக்கு."

சில மாதத்தில் கனடாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கேயே வேலை செய்தேன், பரீட்சை எழுதினேன், அகதி அந்தஸ்துக் கிடைத்தது, கலியாணம் கட்டினேன்; அவையெல்லாம் எல்லோருக்கும் நடப்பவை.

சங்கம் வராமல் விட்ட அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள். காலையிலிருந்து கதவு மணி அடிக்கவில்லை. நிலவறை நிறையச் சரக்கு. நான் ஏற்கெனவே அடுக்கியதை மறுபடி அடுக்கிவிட்டு மேலே வந்தேன். ஃபிராவ் லோமன் இரண்டு கோப்பி ஊற்றி வைத்திருந்தார். என்னால் உங்களுக்கு இவ்வளவு நட்டம் என்றேன். அவர் ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார். வெறுங்காலோடு நின்ற அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். மாற்றம் வாங்கிப் போய்விட்டார் என்றேன்.

"முப்பது வருடமாக இதை விற்கிறேன்," என்றார். "இதற்குப் பயப்படுகிற ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்."

பிறகு அவருக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது அவருடைய தம்பியைப் பற்றிய அந்த ஒரு வசனம்தான். அதைச் சொன்னேன். என்னுடையதையும் சொன்னேன், எந்த வகைத் துவக்கு என்று அவர் கேட்கவில்லை.

அன்று கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூட்டினோம். வந்து ஏமாந்து திரும்ப ஒருவரும் இருக்கவில்லை.